பிரேக் என்று எழுதியிருந்த பொத்தான்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது. நான் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் சொல்கிறார், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும். மேஜையில் எப்போதும் ஏதாவது ஒரு பழைய கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்வேன். "ஆமாமா, அந்த டப்பாவுக்கு முதுகு வலி, அதுக்கு மேஜை. எனக்கு முதுகு வலி, எனக்குத் தரை" என்பார். டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு முன்னாலேயே இந்த வசனத்தைக் கேட்டுவிடுவார்கள்.

நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர் பார்ப்பவள். இனி உதவாது என்று ஒரு சாமானைத் தள்ளிவிடுவதை எங்கள் ஆபீஸ் தமிழில் கண்டம் பண்ணுவது என்போம். அது லேசுப்பட்ட காரியம் இல்லை. கமிட்டி போட வேண்டும், கமிட்டியில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த மூன்று பேரில் ஒருவர் எப்போதும் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு லீவில் போயிருப்பார். அவர் கப்பலேறி வருவதற்குள் இன்னொருவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும். அதனால் எங்கள் தீவில் ஒரு மின்விசிறியோ கம்ப்யூட்டரோ செத்த பிறகும் இருபது முப்பது வருடம் பீரோவுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஊரே இந்தத் தாமதத்தைத் திட்டும். நான் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். அது இல்லையென்றால் என் மேஜையில் சோறுதான் இருந்திருக்கும்.

இந்தப் பைத்தியத்தில் என் கூட்டாளி, பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு வங்காளி. அவரை தாதா என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அண்ணன். அவருக்கு நான் தீதி, அக்கா. மதுரையிலிருந்து என் சித்தி ஒரு நாள் ஃபோன் பண்ணியபோது, "இருங்க சித்தி, வாசல்ல தாதா நிக்கிறாரு, என்னன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். "அடி பாவி, கதவைச் சாத்துடி, போலீசைக் கூப்பிடுடி" என்று சித்தி போட்ட கூச்சல் தாதாவுக்கே கேட்டது. விஷயத்தை ஹிந்தியில் விளக்கிச் சொன்னதும் மனுஷனுக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மீசையை முறுக்கிக் காட்டினார். அவருக்கு மீசையே கிடையாது.

நாங்கள் செய்வது மூன்றே வேலை. கிடைத்த மிஷின் எது, எந்த ஊரில் எதற்காகச் செய்தது என்று கண்டுபிடிப்போம். ஓட வைப்போம். அப்புறம் அதற்கு ஒரு வீடு பார்ப்போம். வீடு பார்ப்பது வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஷோகேஸில் வைக்கிறேன் என்பவருக்குக் கொடுக்க மாட்டேன், வாரத்துக்கு ஒரு தடவையாவது சுவிட்சைப் போடுகிறவருக்குத்தான் கொடுப்பேன். ஒரு தடவை அகலமான பழைய பிரிண்டர் ஒன்றை, கார்பன் தாள் வைத்தே பில் அடிப்பேன் என்று அடம்பிடிக்கும் ஒரு மாயாபந்தர் வியாபாரிக்கு அனுப்பினோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அதை உட்கார வைத்து, பக்கத்து சீட்டில் தாதாவே போனார். வழி நெடுக வாந்தி எடுத்தது தாதாதான். பிரிண்டர் ஜம்மென்று போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையின் மிஷின் போன மழைக்காலத்தில் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து பீரோவைக் காலி பண்ணி, கமிட்டி கூடி, கண்டம் பண்ணி, ஏலத்தில் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரர் கைக்கு வந்திருந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தீவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நாளைக்கு மார்க்கெட்டில் நான் மீன் வாங்க வேண்டாமா? தாதா ஃபோனில் கத்தினார், "தீதி, ஜல்தி ஆவோ! உடனே வாங்க! எல்லாப் பொத்தானும் கறுப்பு, மேல் வரிசை மட்டும் சிவப்பு!"

ஆபீஸில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கபாடிக் கடைக்கு ஓடினேன். தகரக் குவியலின் மேல், நனைந்த தினத்தாள் சுற்றி, அது இருந்தது. சந்தன நிறத்தில் தட்டையான பெட்டி, பொத்தான்களெல்லாம் அதன் நெற்றியிலேயே. பெயர் எழுதிய தகடு கழன்று போயிருந்தது. ஆனால் கறுப்புப் பொத்தான்களுக்கு மேலே பத்துச் சிவப்புப் பொத்தான் வைத்த பெட்டி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே செய்தது, எண்பதுகளில் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கபாடிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் பின்பக்கம் சணல் கயிற்றில் ஒரு பழுப்பு அட்டை தொங்கியது. எட்டாம் வகுப்பு மாணவனால் சேதம், சுவிட்சைப் போடக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். ஸ்டோர் பார்ப்பவள் என்பதால் எனக்கு அந்த அட்டையின் வலிமை தெரியும். அப்படி ஒரு அட்டை தொங்கினால் நம் ஆட்கள் யாரும் கிட்டவே போக மாட்டார்கள். தாதா அட்டையை வாசித்துவிட்டு, "அந்தப் பையன் இப்போ எங்கேயாவது பெரிய இன்ஜினியரா இருப்பான்" என்றார். "இல்லை, ஜெயில்ல இருப்பான்" என்றேன் நான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டூரிலிருந்து படகுக்காரத் தம்பி வந்தான். என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் சிநேகிதன். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், அவன் அப்பா காலத்தில் இங்கே வந்தவர்கள். சுற்றுலாக்காரர்களைப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகிற படகு ஓட்டுகிறான். வயது நாற்பத்தாறோ ஏழோ, எனக்கு என்றைக்கும் தம்பி. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பிரித்துப் போட்டு மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே கரைக்கு வருவான். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான். படகு பர்மிட்டுக்கு எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தானே விண்ணப்பம், அவன் மகள்தான் அடித்துக் கொடுப்பாள். ஏடிஎம் பொத்தானைக்கூட மனைவிதான் அமுக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று அவனை நான் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

அன்று மீன் பையோடு உள்ளே வந்தவன் மேஜையைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"யக்கா, இதை எங்கயிருந்து எடுத்திய?"

"கபாடில. ஏன், உனக்கு வேணுமா? வரன் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. "அடியில வெள்ளை பெயிண்டுல ஹிந்தில ரெண்டுன்னு போட்டிருக்கா பாருங்க."

புரட்டிப் பார்த்தேன். கை நடுக்கத்தோடு யாரோ பிரஷ்ஷால் இழுத்த ஹிந்தி எண், இரண்டு. அங்கே பெயிண்ட் இருப்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

"இது நான் ஒடச்சதுக்கா" என்றான்.

என் வீட்டுக்காரர் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு உட்கார வைத்தார். அவன் நாற்காலியைப் பின்னால் இழுத்து, மேஜையிலிருந்து தள்ளி உட்கார்ந்தான். அந்த அட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நான் முந்தானைக்குள் சொருகினேன். அவன் பார்த்துவிட்டான்.

"அதுல எம்பேரு போட்டிருக்கா?"

"இல்லைப்பா. மாணவன்னு மட்டும்தான்."

"பரவால்ல, பேரைப் போடாம விட்டாரே, நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுக் கதையைச் சொன்னான்.

பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கம்ப்யூட்டர் வந்திருந்ததாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மிஷினுக்கு எட்டுப் பேர், ஆளுக்குக் கொஞ்ச நேரம். சார் ரெண்டு வரி சொல்லிக் கொடுத்தார். முதல் வரி, என் பெயரை எழுது. ரெண்டாவது வரி, மறுபடி முதல் வரிக்குப் போ. அவன் முறை வந்தது. அடித்தான், ஓட விட்டான். அவன் பெயர் திரை முழுக்க, கீழேயிருந்து மேலே, நிற்காமல் ஓடியது.

"எப்படி இருந்துது தெரியுமாக்கா? எம்பேரு அது! டிவில எம்பேரு ஓடுது! பயலுவ எல்லாம் கத்துதானுவ. பொறவு பயம் வந்துட்டு. நிக்க மாட்டேங்கு. எப்படி நிப்பாட்டணும்னு சார் சொல்லலை, அவிய வெளிய போயிருந்தாவ. பாத்தேன். ஓரத்துல ஒரு பொத்தான்ல பிரேக்குன்னு எழுதியிருந்துது. வண்டி ஓடுனா பிரேக் போட்டா நிக்கும்லா? போட்டேன்."

"போட்டதும்?"

"பொக. பின்னால இருந்து வெள்ளையா. கருவாட்டைத் தணல்ல போட்ட மாதிரி நாத்தம். எல்லாரும் ஓடிட்டானுவ. நான் மட்டும் அங்ஙனயே நின்னேன்."

தலைமை ஆசிரியர் வந்தார். அவர் ஹிந்திக்காரர். பொத்தானைச் சுட்டிக் காட்டி, உடை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதே, அதை வாசித்த பிறகுமா அமுக்கினாய் என்று கேட்டாராம். அப்போதுதான் அவனுக்கு அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே தெரியும். வண்டி பிரேக்குக்கும் உடைக்கிற பிரேக்குக்கும் எழுத்து வேறு என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். தமிழில் ரெண்டும் பிரேக்தானே? மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்பா உள்ளே போனார், இவன் வராந்தாவில் நின்றான். வெளியே வந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் இவனைப் படகில் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

"கடல் எனக்குப் பிடிச்சிதான்கா இருந்துது, அதுல குறை ஒண்ணுமில்ல" என்றான். "ஆனா அப்பாவுக்கு அவமானத்தைக் கொண்டாந்துட்டேன்லா. அதான் என்ன பொத்தானைப் பாத்தாலும் கை கூசும்."

சோம்பேறி என்று நான் சொன்ன அத்தனை நாளும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஆனால் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. வெள்ளைப் புகை, கருவாட்டு நாற்றம். உடனே தாதாவுக்கு ஃபோன் போட்டு அதை மட்டும் சொன்னேன். "கண்டென்சர்" என்றார் ஒரே வார்த்தையில். அந்தக் காலத்துப் பவர் சப்ளைக்குள் மஞ்சள் கண்ணாடி மாதிரி தோல் போர்த்திய ஒரு கண்டென்சர் இருக்கும். ஈரக் காற்றில் தோல் வெடிக்கும், உள்ளே ஈரம் இறங்கும், ஒரு நாள் சுவிட்சில் இருக்கும்போது புகைந்து போகும். பழைய மிஷின்களில் விழுந்து கிடக்கிற எல்லாருக்கும் அந்த நாற்றம் தெரியும். யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் அது புகையும். அதுவும் எங்கள் தீவு ஈரத்தில் அது அவ்வளவு நாள் தாக்குப் பிடித்ததே ஆச்சரியம். இன்னொன்று, கரண்டில் வருகிற குப்பையை வடிகட்டத்தான் அது. அது செத்தாலும் மிஷின் ஓடும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியுமா எனக்கு? "தம்பி, நீ உடைக்கவே இல்லைப்பா!" என்று கத்திவிட்டேன். விளக்கமும் சொன்னேன்.

அவன் தலையை ஆட்டினான். "சமாதானத்துக்குச் சொல்லாதியக்கா. உள்ள எல்லாமே கருகியிருந்தா?"

"கருகியிருக்காது. ஓட வச்சுக் காட்டுறேன்."

"ஓடலைன்னா?"

மீனைக் கழுவ உள்ளே போய்விட்டேன். மாலையில் தாதா வந்து மூடியைத் திறந்தபோது இன்னும் கவலையாகிவிட்டது. பவர் சப்ளைக்குள் நாங்கள் சொன்ன கண்டென்சர் சொன்னபடியே வெடித்து, தகரம் முழுக்கப் பழுப்புப் பிசினைத் துப்பியிருந்தது. அதுவரை சந்தோஷம். ஆனால் முப்பது வருட உப்புக்காற்று போர்டின் மேல் தன் வேலையைக் காட்டியிருந்தது. ஐசி என்கிற குட்டிச் சில்லுகளின் கால்களெல்லாம் பச்சை. தாதா உதட்டைப் பிதுக்கினார். "தீதி, பையன் உடைக்கலைன்னாலும் உப்பு உடைச்சிருக்கும். இது எழுந்திருக்கலைன்னா அவர் என்ன நினைப்பாரு? நான்தான் உடைச்சேன்னுதான் நினைப்பாரு. நீங்க சொல்லாம இருந்திருக்கணும்."

"சொல்லிட்டேன்ல, இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? ஓட வைக்கணும், அவ்வளவுதான்" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நியாயமாக என்மேல்தான் விழுந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மிஷினும் ஓட வேண்டும் என்று ஆசைப்படுவேன். இது ஓடாமல் போனால் ஒரு மனுஷனுக்கு நானே தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. ஒரு மாதம் ராப்பகல் அதே நினைப்பு. ஆபீஸில் நோட் ஷீட்டில் நாற்காலி என்று எழுத வேண்டிய இடத்தில் கண்டென்சர் என்று எழுதி, சூப்பரிண்டெண்டெண்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாமான் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனது, காற்று அப்படி. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு காலாகத் தேய்த்துப் பச்சையை எடுத்தோம். ஒரு ஐசியின் கால் ஒடிந்து கையோடு வந்தது. நான் அழுதேவிட்டேன். தாதா மெல்லிய கம்பியை அந்த இடத்தில் பற்ற வைத்து, "பொய்க்கால்" என்றார், ஹிந்தியில். என் வீட்டுக்காரர் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். தரையில் உட்கார்ந்தபடியே, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற மாதிரி தினமும் விசாரித்தார்.

புதுக் கண்டென்சர் போட்டு, தாதா கடையிலிருந்து சின்ன டிவி கொண்டுவந்து, ஒரு சனிக்கிழமை பகலில் சுவிட்சைப் போட்டோம். புகை வரவில்லை. இந்த மிஷின் எழுந்ததும் முதலில் தாழ்ந்த குரலில் பூ என்று ஊதும், உடனே மேல் குரலில் பீப் என்று முடிக்கும். பூ வந்தது. பூவாகவே ஊதிக்கொண்டிருந்தது, பீப் வரவே இல்லை. திரையில் ஒன்றும் கிடையாது. அணைத்தோம், போட்டோம். பூ. ஒரு வாரம் ஐசியாக மாற்றி மாற்றிப் பார்த்தோம். பூ. எதிர் வீட்டு அம்மா, "தினமும் சங்கு ஊதுறீங்களே, என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நான் முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "விடுங்கக்கா, மெனக்கெட்டியளே, அதுவே போதும்" என்று எனக்கு அவன் ஆறுதல் சொன்னான். பிறகு முதல் தடவையாக மேஜைக்குக் கிட்டே வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யக்கா, அந்தப் பிரேக்கு பொத்தான் மத்ததைவிட ஒரு நூல் கீழ நிக்கில்லா?"

நானும் தாதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குனிந்து மேஜை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆமாம். ஒரே ஒரு நூல்.

அந்த மிஷினில் பிரேக் என்றால் உடைப்பது இல்லை. செய்துகொண்டிருப்பதை நிறுத்து, முதலிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம். அந்தப் பொத்தான் உள்ளே அமுங்கியே இருந்தால் மிஷின் ஆரம்பித்துக்கொண்டே இருக்கும், பூவைத் தாண்டாது. ஒரு மாதமாக நாங்கள் ஐசி ஐசியாகத் தோண்டிக்கொண்டிருக்கிறோம், அது நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது! தாதா தன் தலையில் சத்தமாக அடித்துக்கொண்டார். நான் அவருக்கும் சேர்த்து எனக்கு ஒன்று போட்டுக்கொண்டேன்.

"எஞ்சின்ல ஸ்டாப் பொத்தான் இப்படித்தான், உப்பு புடிச்சா உள்ளயே நின்னுரும்" என்றான் தம்பி. பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் அமுக்குனது இன்னும் மேல வரல பாருங்க" என்றான். சிரித்தான், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"எஞ்சின்ல நீ என்ன பண்ணுவே?"

"எண்ணெ அடிச்சு, ஆட்டி ஆட்டி எடுப்பேன்."

"அப்ப எடு. எனக்குத் தெரியாது அந்த வேலை."

"யக்கா, நான் தொடலக்கா."

"தொடுய்யா! யாரு உன்னை என்ன பண்ணிருவா? நான் ஸ்டோர் பார்க்கிறவ, நான் சொல்றேன், தொடு!" வீடே அதிர்ந்திருக்கும். கோபம் இல்லை அது, பாசம் வந்தால் எனக்குக் குரல் அப்படித்தான் ஏறும்.

அவன் வெளியே போய் வண்டிப் பெட்டியிலிருந்து எஞ்சின் எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து வந்தான். ஒரு சொட்டு விட்டான். காத்திருந்தான். சுண்டு விரல் நகத்தைப் பொத்தானுக்கு அடியில் கொடுத்து அசைத்தான். குழந்தைக்குக் காது குத்துகிறவர் மாதிரி அவ்வளவு பதனமாக. க்ளிக் என்று ஒரு சத்தம், பொத்தான் மேலே வந்தது. தாதா சுவிட்சைப் போட்டார்.

பூ. பீப்.

திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி, கீழே ஒரு குட்டி அம்புக்குறி, பக்கத்தில் மின்னி மின்னி அணையும் கோடு. தாதா என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். முதுகு வலி, முதுகு வலி என்று அவர் அலறினார். நான் கையில் கிடைத்த கரண்டியால் தட்டைத் தட்டினேன். எதிர் வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலேயே கை தட்டினார்.

தம்பி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓடுதாக்கா?"

"ஓடுது. பொத்தானை உப்பு பிடிச்சதெல்லாம் அப்புறம் பீரோவுல கிடந்து. அன்னிக்கு ஓடியிருக்கும். மறுநாள் யாராவது ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அட்டையைக் கட்டித் தொங்க விட்டுட்டானுங்க, பாவிப் பசங்க." எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு விரலால், எழுத்து எழுத்தாக, அந்த ரெண்டு வரியையும் அடித்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு புள்ளி மறக்கவில்லை. ஓட விட்டான். அவன் பெயர் கீழேயிருந்து மேலே திரை முழுக்க ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டோம்.

"பிரேக் போடு தம்பி" என்றேன்.

விரலைக் கொண்டுபோனான், நிறுத்தினான், தாதா பக்கம் திரும்பினான். "தபாவோ பாய், அமுக்குங்க" என்றார் தாதா. அமுக்கினான். பெயர் நின்றது. பூ, பீப். புகை இல்லை, நாற்றம் இல்லை. மறுபடி ஓட விட்டான், மறுபடி பிரேக் போட்டான். பத்துத் தடவையாவது போட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் நின்றது. நீ அன்றைக்கு நினைத்தது சரிதானய்யா, அது வண்டி பிரேக்தான் என்று நான் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"இதுக்கு வரன் பார்த்தாச்சு. இதை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றேன். தாதா தலையாட்டினார். அதில் எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுக்கா? அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கணுமேக்கா. அவிய கண்ணு முன்னால இதைக் கொண்டு வச்சா..."

நாற்பத்தேழு வயது ஆள் அப்பாவிடம் கேட்கணும் என்கிறான். கேள் என்று ஃபோனை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவன் அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேச வேண்டும். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"யப்பா! அந்தப் பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டரு இங்க அக்கா வீட்டுல இருக்கு!"

"எந்தக் கம்ப்யூட்டரு?"

"நான் ஒடச்சேன்லா, அது! அது ஓடுதுப்பா! நான் ஒடைக்கலப்பா!"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"நீ ஒடைக்கலன்னுதான அன்னைக்கே அந்த ஆள்கிட்ட சொன்னேன்" என்றார் பெரியவர். "எம்மவன் வீட்டுல ஒரு தட்டுமுட்டுச் சாமானை ஒடச்சது கெடையாது, நீரு போட்டுப் பாத்தீரான்னு கேட்டேன். போட்டுப் பாக்க மாட்டேன்னான். அப்ப எம்புள்ளய இனிமே இங்க அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

தம்பி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "என்மேல உள்ள கோவத்துலல்லாப்பா படிப்பை நிப்பாட்டுனிய?"

"உம்மேல எனக்கு என்னலே கோவம்? அந்த ஆள் மேலல்லா கோவம்."

"இவ்வளவு நாளா ஒரு வார்த்த சொல்லலியேப்பா!"

"நீ கேக்கவே இல்லியேலே."